நண்டின் சட்டையும் வலம்புரிச் சங்கும்

(ஆரப்பாளையத்தில் பேசியது)



வைகைக் கரையில் வசிக்கும் உங்களுக்கு நண்டைப் பற்றிச் சொல்ல நாம் யார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனாலும், வரப்போரம் உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கும் நண்டு ஓட்டைக் கண்டு, "நண்டு செத்துப்போச்சு" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? பலசமயம் அது சாகவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. உடம்போடு அதுவும் வளர்கிறது. நண்டு, இறால், தேள், கரப்பான் இவற்றுக்கு உடம்பைத் தாங்குவது வெளியே இருக்கும் ஓடு. அது கைட்டின் என்னும் பொருளாலானது. நண்டு அதில் சுண்ணாம்பையும் சேர்த்துக் கெட்டியாக்கிக்கொள்கிறது. கெட்டியான ஓடு வளருமா? வளராது. ஆகவே பழைய ஓட்டுக்கு அடியிலேயே மெல்லிய புது ஓட்டை உண்டாக்கிக்கொண்டு, பின்புறம் பிளந்து வெளியே வருகிறது. கால் உறையும், கண்ணை மூடிய உறையுங்கூடக் கழன்றுவிடுகின்றன. வந்தவுடன் தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருக்கிக்கொள்கிறது. பிறகுதான் ஓடு இறுகும். அதுவரை அது வெறும் பஞ்சு. கொக்கு தின்னும், இன்னொரு நண்டே தின்னும். அதனால் பதுங்கிக் கிடக்கிறது. "நண்டு கொழுத்தால் வளையில் இராது" என்றவர் நண்டைப் பார்த்துச் சொன்னாரோ, அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்துச் சொன்னாரோ!

பாம்பு சட்டை உரித்தால் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். நண்டு உரித்தால் குழம்புக்குப் புளி கரைக்கிறோம்.

சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. அது ஓட்டைக் கழற்றுவதில்லை. வாய் விளிம்பில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துச் சுருளைப் பெரிதாக்குகிறது. தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுக்கும் சங்குகளில் மிக அபூர்வமாக ஒன்று எதிர்ப்பக்கம் சுருண்டிருக்கும். இருதயம் வலப்பக்கம் அமைந்து சில மனிதர் பிறப்பதில்லையா, அதுபோலத்தான். அதற்கு வலம்புரி என்று பேர். வீட்டில் வைத்தால் செல்வம் வருமாம். ஆயுள் முழுதும் அதற்குள்ளேயே குடியிருந்த நத்தைக்கு என்ன வந்தது? அதைக் கொன்றல்லவா ஓட்டை எடுத்தார்கள்?

இதில் இன்னொரு மோசடியும் உண்டு. அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அப்படிச் சுருளும் வேறோர் இன நத்தை ஏராளம். அதன் ஓட்டையே வலம்புரி என்று விற்கிறார்கள். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் தெரியும், அதில் தெரியாது. நமக்குத் தெரிந்த மில் தொழிலாளி ஒருவர், மனைவியின் தோட்டை அடகு வைத்து ஒன்று வாங்கினார். நாம் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். ஒரு வரம்புகூட இல்லை. சங்கு பூசையில் இருக்கிறது. தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.