எடை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

(பாலக்காட்டில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"தேக ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. எழுபதுகளில் பி.எஸ்சி. முடித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்குகிறவன். படிக்க இப்போது நேரம் கிடைத்திருக்கிறது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எடையைக் குறைக்க ஒரு தடவையாவது பிரயத்தனம் செய்தவர்கள் இந்த ஹாலில் நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் மாசம் இரண்டு மூன்று கிலோ இறங்கும். கல்யாணத்தில் பார்த்தவர்கள் "இளைச்சுட்டேளே" என்பார்கள். ஆறு மாசத்தில் இறங்கியது நின்றுவிடும். வருஷ முடிவில் பழைய எடை, அதற்கு மேல் ஒரு கிலோ வட்டி. உடனே ஆத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "நாக்கைக் கட்டத் தெரியலை." இந்தத் தீர்ப்பில் நியாயம் குறைவு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். யுத்தத்தால் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி மறுபடியும் ஆகாரம் கொடுப்பது என்று கண்டறிவதே நோக்கம். தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். எடை கால் பங்கு குறைந்தது. ஆனால் நடந்தது அது மட்டும் அல்ல. சரீரம் எரிக்கும் சக்தி மிகவும் குறைந்தது. எப்போதும் குளிர் எடுத்தது. எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புஸ்தகங்களை வாங்கி வைத்துப் படித்தவர்களும் உண்டு. பரிசோதனை முடிந்து இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. உடம்பில் கொழுப்பு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே ஏறியது. தசை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. இவர்கள் நாக்கைக் கட்டத் தெரியாதவர்களா?

காரணம் இதுதான். நம் சரீரத்துக்குப் பஞ்சம் தெரியும், டயட் தெரியாது. கொழுப்பு குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்ளும். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, "கையிருப்பு போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். இளைத்தால் லெப்டின் குறையும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், எடை இறங்கி ஒரு வருஷம் ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை.

இதைக் கணக்காகவும் போட்டிருக்கிறார்கள். கெவின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 2016-ல் சொன்னது: ஒரு கிலோ இறங்கினால் தினசரிச் செலவு சுமார் 25 கலோரி குறைகிறது, பசியோ தினம் சுமார் 100 கலோரி கூடுகிறது. ஐந்து கிலோ இறங்கியவருக்குச் செலவில் 125 குறைவு, பசியில் 500 கூடுதல். இதை எதிர்த்துத் தினமும், வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அதே வருஷம் ஹால் இன்னொன்றும் கண்டார். எடை குறைக்கும் டெலிவிஷன் போட்டி ஒன்றில் சராசரி 58 கிலோ இறக்கிய 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார். 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அப்போதும் அவர்கள் உடம்பு, எதிர்பார்ப்பதைவிடத் தினம் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. இறங்கிய எடையைத் தக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உடம்பு இப்படி என்றால், நம் கணக்கும் கொஞ்சம் தப்பிப் போகிறது. 70 கிலோ உள்ளவர் அரை மணி நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. திரும்பி வந்து ஹிந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டே ஒரு கை வறுத்த உப்பேரி போட்டுக்கொண்டால், 25 கிராமுக்கு 130 கலோரி. நடந்தது அங்கேயே தீர்ந்தது! ஏகாதசி உபவாசமும் அப்படித்தான். அரிசிச் சாதம் கிடையாது. அதற்குப் பதில் ரவை உப்புமா, அடை, தேங்காயெண்ணெயில் வறுத்தது, ராத்திரி பால், பழம். உபவாசத்தின் புண்ணியத்தை நான் குறை சொல்லவில்லை. எடை குறையவில்லையே என்று அதனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

"எங்க தாத்தா மூணு வேளையும் சாதம் சாப்பிட்டார், தொந்தி இல்லையே" என்று கேட்கலாம். வாஸ்தவம். கல்பாத்தி அக்ரஹாரத்தில் அவர் புழையில் குளித்து வந்தார். ஒலவக்கோட்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். பாட்டி கிணற்றில் ஜலம் இறைத்தாள். ஆட்டுக்கல்லில் தோசைக்கு அரைத்தாள். நான் உத்தியோகத்தில் இருந்தபோது இடுக்கி ஜில்லாவில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் சுற்றியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம் தமிழ்ப் பெண்கள் காலை முதல் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து கிள்ளுவார்கள். அவர்கள் சாப்பிடும் சாதத்தைப் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். ஜீப்பில் போய் ஜீப்பில் திரும்பிய எங்களுக்குத்தான் பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. தட்டு மாறவில்லை, வேலை மாறிவிட்டது. ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் சென்னை டயாபடீஸ் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி (2025), நாம் சாப்பிடுவதில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது.

இன்னொரு விசேஷமும் நமக்கு உண்டு. புணே நகரத்து டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் இருவரும் தம் படத்தோடு இதை வெளியிட்டார்கள். நாம் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25 என்றால் பருமன். ஐந்தடி ஐந்தங்குலம் உள்ளவருக்கு இது 63, 68 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அப்படியானால் பிரயத்தனமே வேண்டாமா? இங்கேதான் நல்ல செய்தி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு வியாதி வந்தது. தினம் அரை மணி நடை, சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைப்பு, நார்ச்சத்து என்று பழக்கத்தை மாற்றியவர்களில் 39 சதவீதம்தான். அதிசயம் என்னவென்றால், இவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையவில்லை. ஆனாலும் உள்ளே பலன் நடந்துகொண்டிருந்தது. முள் அசையவில்லை என்று மூன்றாம் மாசம் நடையை நிறுத்துகிறவர் எதை இழக்கிறார் என்று யோசியுங்கள். எடை குறைப்பு தோற்பதில் மிகப் பெரிய நஷ்டம் இதுதான்: எடையோடு சேர்த்து நல்ல பழக்கத்தையும் கைவிட்டுவிடுகிறோம்.

இப்போது ஊசிகளும் வந்துவிட்டன. மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வீகோவி மருந்தைச் சோதித்தபோது 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் எடை இறங்கியது. நிறுத்தி ஒரு வருஷத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. தேவைப்பட்டவர்களுக்கு அவை நல்ல மருந்துகளே. டாக்டர் சொல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

முடிவாகச் சில யோசனைகள். ஒன்று, வாரம் ஒரு தடவைக்கு மேல் எடை பார்க்க வேண்டாம். மாசம் ஒரு தடவை இடுப்பை அளக்கவும். இரண்டு, சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, மொளகூட்டலை ஒரு கரண்டி கூட்டவும். பருப்பும் காய்கறியும் சேர்ந்த அதைவிட நல்ல டயட்டை எந்த டயட்டீஷியனும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. சுண்டல், மோர், தயிர் நிற்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்கவும். மூன்று, வறுத்த உப்பேரி டப்பா கைக்கு எட்டாத அலமாரிக்குப் போகட்டும், பண்டிகைக்கு இறங்கட்டும். நான்கு, தனியாக நடக்காதீர்கள். துணை இருந்தால் மழை நாளிலும் மனசு வரும். ஐந்து, என் வயதுக்காரர்களுக்கு: பட்டினி கிடந்து இளைத்தால் போவது தசையும்தான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரப் பழகுங்கள். முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

மாமிகளுக்கு ஒரு விண்ணப்பம். "போதும்" என்று ஒருவர் இலையை மறைத்தால், "இன்னும் ஒரே ஒரு கரண்டி பிரதமன்" என்று வற்புறுத்த வேண்டாம். மாமாக்களுக்கும் ஒன்று: எடை திரும்ப ஏறியவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர் எதிர்த்து நின்றது எத்தனை பெரிய சக்தி என்று இப்போது நமக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் நடக்கக் கிளம்பும்போது அவரையும் வாசலில் நின்று கூப்பிடுங்கள்.