கருவியும் நூலும்

(நவராத்திரி விழாவின் ஒன்பதாம் நாள் மாலை, ஆலயத் திருமண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று ஆயுத பூசை. சுத்தியலும் திருப்புளியும், லாரியின் சாவியும், தையற்காரரின் கத்தரிக்கோலும், பிள்ளைகளின் பாடநூல்களோடு ஒரே பலகையில் வைக்கப்பெற்றுச் சந்தனமும் குங்குமமும் இடப்படும் நாள். கருவியையும் நூலையும் அருகருகே வைத்து வணங்கிய முன்னோர், தொழிலையும் கல்வியையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது இதனால் விளங்கும். அந்தப் பலகையின் மேல் இருக்கும் கருவி இன்று மிக விரைந்து மாறிக்கொண்டிருக்கிறது. கருவி மாறும்போது அதனைப் பிடித்திருந்த கை என்ன செய்வது? இதுவே இவ்வுரையின் பொருள்.

தானியங்கி இயந்திரங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் அச்சம் ஒன்றே மிஞ்சும். ஆகவே, தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஓர் இடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும். அந்த இடம் சிங்கப்பூர்த் துறைமுகம்.

தோளிலிருந்து பாரந்தூக்கிக்கு

தஞ்சோங் பகார் கப்பல் மேடைகளில் ஒரு காலத்தில் சரக்கு என்பது மூட்டை, பெட்டி, பீப்பாய், ரப்பர்க் கட்டு என்று தனித்தனியாகவே வந்தது. குழுக் குழுவாக மனிதர் இறங்கி, அவற்றைச் சுமந்தும், கயிற்று வலையில் அடுக்கியும், கிடங்கிற்குத் தள்ளிச் சென்றும் பணியாற்றினர். ஒரு கப்பலின் சரக்கை இறக்கி ஏற்றப் பல நாள்கள் ஆயின. தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் அந்த வேலையால் குடும்பங்களைக் காத்தனர். அவர்களுடைய கருவி தோள். அவர்களுடைய திறமை, எந்தச் சுமையை எங்கே வைத்தால் கப்பல் சாயாது என்னும் பட்டறிவு.

1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், ராட்டர்டாம் நகரிலிருந்து வந்த 'நிஹோன்' என்னும் கப்பல் தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்தை அடைந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அதுவே. இருபதடி நீளமுள்ள ஓர் இரும்புப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான மூட்டைகள் அடங்கின. மேடைப் பாரந்தூக்கி ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 பெட்டிகளைத் தூக்கி வைக்கக் கூடியது. ஒரு குழுவினர் நாள் முழுதும் சுமந்ததை ஒரு மனிதர் உயரத்து அறையில் அமர்ந்து சிறு பொழுதில் முடித்தார். தோளுக்கு வேலை குறைந்தது.

எனினும் துறைமுகம் தேயவில்லை, வளர்ந்தது. 1990ஆம் ஆண்டில் சிங்கப்பூர் உலகிலேயே அதிகமான கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகமாயிற்று. வளர்ந்த துறைமுகத்தில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதே கவனிக்கத்தக்கது. பாரந்தூக்கி இயக்குநர், இழுவை லாரி ஓட்டுநர், பழுதுபார்ப்பவர், சரக்குத் திட்டமிடுபவர் ஆகிய புதிய பணிகளுக்குப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கைப் பலகையைப் படிக்க இயலாதவரிடம் பல டன் எடையைத் தூக்கும் இயந்திரத்தை எவரும் ஒப்படைக்க மாட்டார்.

இந்தத் தேவையை நாடு அன்றே உணர்ந்திருந்தது. 1979ஆம் ஆண்டில் முதலாளிமாரிடமிருந்து தீர்வை பெற்றுத் திறன் மேம்பாட்டு நிதி தொடங்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் 'பெஸ்ட்' என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தொழிலாளர் பலர், வேலை முடிந்த பின் மாலை வகுப்பில் அமர்ந்து ஆங்கிலமும் கணிதமும் பயின்றனர். 'மறுபயிற்சி' என்னும் சொல் புதிதாகத் தோன்றலாம், செயல் புதிதன்று. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோருள் சிலருக்கு அந்த மாலை வகுப்புகள் நினைவில் இருக்கக்கூடும்.

ஓட்டுநர் இல்லாத வாகனம்

இரண்டாம் மாற்றம் பாசிர் பாஞ்சாங்கில் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அம்முனையத்தில், ஒரே இயக்குநர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து ஆறு பாரந்தூக்கிகள் வரை தொலைவிலிருந்து கவனிக்கும் முறை புகுந்தது. உயரத்து அறையில் குனிந்து பார்த்துப் பணியாற்றியவர், குளிரூட்டப்பட்ட அறையில் திரையைப் பார்க்கலானார்.

மூன்றாம் மாற்றம் துவாஸில் இன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன்களைக் கையாள வல்லதாகும். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர் முழுதும் கையாண்ட தொகை ஏறத்தாழ 4.1 கோடி என்பதோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே கொள்கலன்களை மேடைக்கும் அடுக்குத் தளத்திற்கும் இடையே கொண்டு செல்பவை, ஓட்டுநர் இருக்கையே இல்லாத மின்கல வாகனங்கள். அடுக்குத் தளத்துப் பாரந்தூக்கிகளும் தாமாகவே இயங்குகின்றன.

கணக்கை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. முன்பு ஆறு பாரந்தூக்கிகளுக்கு ஆறு பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதுமெனில், மற்ற ஐவரும் அதே நாற்காலியில் அமர முடியாது. ஒருவர் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லலாம்; இருவர் இயந்திரப் பராமரிப்புக்குச் செல்லலாம்; ஒருவர் திட்டமிடல் பணிக்கு மாறலாம்; எஞ்சியவர் வேறு தொழிலையே நாட வேண்டியிருக்கலாம். 'படித்தால் எல்லாருக்கும் அதே இடம் உண்டு' என்று கூறுவது ஆறுதலாகலாம், உண்மையாகாது. உண்மை இதுதான்: முன்னதாகக் கற்றவருக்கு வழிகள் பல, அறிவிப்புக் கடிதம் வந்த பின் கற்கத் தொடங்குபவருக்கு வழிகள் சில.

எது போகிறது, எது நிலைக்கிறது

இயந்திரம் ஒரு மனிதரின் வேலை முழுவதையும் ஒரே நாளில் பறிப்பது அரிது. அவர் செய்யும் பல செயல்களுள் சிலவற்றையே எடுத்துக்கொள்கிறது. லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். திருப்புச் சக்கரத்தைப் பிடிப்பது அவருடைய பணியில் ஒரு பகுதி மட்டுமே. மழையில் தளம் வழுக்கும் இடம், காற்றில் கொள்கலன் ஆடும் விதம், பாரம் ஒருபுறம் சாய்ந்திருப்பதைக் காட்டும் ஒலி ஆகியவற்றையும் அவர் அறிவார். ஓட்டுநரில்லா வாகனம் வழியில் நின்றுவிட்டால், அது ஏன் நின்றது, பிற வாகனங்களை எவ்வழியே திருப்புவது, தளத்திற்குள் மனிதரை அனுப்புவது பாதுகாப்பானதா என்று முடிவு செய்ய அந்தப் பட்டறிவே வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் கொள்கலன்களை இரும்புக் கம்பிகளால் பிணைக்கும் வேலையும் இன்னும் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நடைபெறுகிறது.

ஆகவே மறுபயிற்சி என்பது பழையதை எறிந்துவிட்டுப் புதியதை ஏற்பதன்று. கையில் உள்ள அறிவைப் புதிய மொழியில் சொல்லக் கற்பதாகும். திரையில் வரும் எச்சரிக்கைக் குறியைப் படிக்கவும், பழுதை முறையாக எழுதிப் பதிவு செய்யவும், உணரிகளும் மின்கலங்களும் எவ்வாறு இயங்குகின்றன என்று அறியவும் கற்றுக்கொண்டால், இருபது ஆண்டுப் பட்டறிவு வீணாகாது. கற்காவிடின், அந்த அறிவு அவரோடு வாசலில் வெளியேறிவிடும். அது அவருக்கு இழப்பு, நிறுவனத்திற்கும் இழப்பு.

கைக்கு எட்டும் உதவிகள்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இன்றுள்ள வாய்ப்புகளைச் சுருக்கமாக நினைவூட்டலாம். 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' திட்டத்தின்கீழ், 25 வயது நிரம்பியோருக்கு 2016ஆம் ஆண்டில் 500 வெள்ளி பயிற்சி நிதி வழங்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மேலும் 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. வேலைவாய்ப்போடு நெருங்கிய தொடர்புடைய, தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு அது உரியது. வேலையை நிறுத்திவிட்டு முழுநேரம் பயில்வோர் வருமானத்தை எண்ணித் தயங்குவது இயல்பு. அவர்களுக்காக 2025ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் பயிற்சிப் படி வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. தகுதி பெறுவோருக்கு முன்னைய வருமானத்தில் பாதி, மாதத்திற்கு 3,000 வெள்ளியை மிகாமல், வாழ்நாளில் 24 மாதங்கள் வரை கிடைக்கும்.

நிதி இருக்கிறது என்பதற்காகக் கண்ட வகுப்பில் சேர்வது அறிவுடைமையாகாது. சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதைக் கற்றபின் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எவை? பயிற்சியில் இயந்திரத்தைத் தொட்டுப் பழக இடமுண்டா, அல்லது குறிப்பேடு மட்டுமா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காத வகுப்பு, சான்றிதழைத் தரும், சோற்றைத் தராது. பயிற்சி நிதியைப் பணமாக மாற்றித் தருவதாகக் கூறி அணுகுவோரிடமும் எச்சரிக்கை வேண்டும். போலிக் கோரிக்கைகள் வழியாக ஏறத்தாழ 4 கோடி வெள்ளி சுருட்டப்பட்ட மோசடி 2017ஆம் ஆண்டில் வெளிப்பட்டது நினைவிருக்கலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் தம்பியருக்கு இந்த நிதி உரியதன்று. அது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அவர்கள் முதலாளியின் பயிற்சியையும், சொந்தச் சேமிப்பையும், நல்லோர் உதவியையுமே நம்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வாலயத்திற்கு வந்து அமைதியாக வணங்கிச் செல்லும் அவர்களும் இந்தச் சமூகத்தின் பொறுப்பே.

தடை எங்கே இருக்கிறது?

பணமும் வகுப்பும் இருந்தும் பலர் செல்லாதது ஏன்? சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. பன்னிரண்டு மணி நேர முறைப்பணி முடித்து வருபவருக்குக் கண் சொக்குகிறது. நாற்பத்தைந்து வயதில், தம் மகன் வயதுடையவரோடு ஒரே வகுப்பில் அமரக் கூச்சம். தேர்வில் தவறினால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்னும் நாணம். பள்ளி நாள்களில் 'உனக்குப் படிப்பு வராது' என்று எவரோ சொன்ன சொல், முப்பது ஆண்டுகளாக உள்ளத்தில் முள்ளாய் நிற்கிறது. பயிற்சி நிதி கட்டணத்தைச் செலுத்தும். இந்த முள்ளை எடுக்காது.

அதனை எடுக்க வல்லது இல்லமே. பிள்ளைக்குத் தேர்வு என்றால் தொலைக்காட்சியை அணைத்து, அமைதி காத்து, பால் காய்ச்சிக் கொடுப்பது தமிழ் இல்லங்களின் வழக்கம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தேர்வு என்றால் அதே அமைதி கிடைக்கிறதா? வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு மேசை, கணினியில் தடுமாறும்போது சிரிக்காமல் சொல்லித் தரும் ஒரு மகள் இவ்வளவு அமைந்தால் ஒரு மனிதர் கரையேறுவார். பெற்றோர் கற்பதைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, கல்வி பள்ளியோடு முடிவதன்று என்பதை எவரும் தனியே போதிக்க வேண்டியதில்லை.

இல்லத்திற்கு அடுத்து ஆலயம். வாரநாள் மாலைகளில் ஒரு மண்டபத்தின் ஓரத்தில் பத்து நாற்காலிகளும் இரண்டு கணினிகளும் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தொழில்நுட்பர்களும் இச்சமூகத்தில் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கும், தகுந்த பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதற்கும், அடிப்படை ஆங்கிலத்திற்கும் அவர்கள் துணை நிற்கலாம். அங்கே குடிமகன், வெளிநாட்டு ஊழியர் என்னும் வேறுபாடு வேண்டியதில்லை.

இது இச்சமூகத்திற்குப் புதிய வழக்கமும் அன்று. 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி கேட்டபோது, கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தாங்கள் ஒருநாளும் கால்வைக்க மாட்டோம் என்று அறிந்திருந்தும், அங்கே தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். பிறர் கற்பதற்காகக் கொடுத்த அந்தக் கைகளின் வழித்தோன்றல்கள், தாங்கள் கற்பதற்குக் கூசலாமா?

நாளை விசயதசமி. சின்னஞ்சிறு பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். அந்த வரிசையின் பின்னால் நின்று பார்க்கும் தந்தையர்க்கும் தாயர்க்கும் விரல்கள் உண்டு. பூசைப் பலகையிலிருந்து நாளைக் காலை கருவியை எடுக்கும்போது, அதன் அருகிலிருக்கும் நூலையும் சேர்த்தே எடுப்பார்களாக. அடுத்த ஆண்டு ஆயுத பூசைக்குள் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பெரியவர் புதிதாக ஒன்றைக் கற்று முடித்திருந்தால், இவ்விழா பொருளுடையதாகும்.