ஏழாந் தரப் பிள்ளைக்குக் குடியியல் எதற்கு?

(தோட்டப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் எமது நிதியத்தின் கல்விப் பிரிவினர் ஆற்றிய உரை)



அரைப்பேரை விட்டுவிட்டு இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மாருக்கு முதலில் எமது நன்றி. போன கூட்டத்தில் ஒரு தகப்பன் எம்மிடம் கேட்டார்: "கணக்கு, இங்கிலீஷ் படிச்சா ஒரு வேல கெடைக்கும். இந்தக் குடியியலும் சுகாதாரமும் படிச்சு என்னாங்க ஆகப் போகுது?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

குடியியலின் அருமை மற்றவர்களை விட மலையக மக்களாகிய நமக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். 1947 தேர்தலில் நமது பாட்டன் பூட்டன்மார் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949 இல் வந்த சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், கலியாணம் முடித்தவராயின் 7 வருடமும், மற்றவராயின் 10 வருடமும் இந்நாட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகுதான் எஞ்சியவர்களுக்கு விமோசனம் கிடைத்தது. நமது வீடுகளில் உள்ள கதையைத்தான் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனபடியால் அதைப் பாடமாக்கி ஒப்புவித்தால் மட்டும் போதாது. செய்து பழக வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, எட்டாந் தரப் பிள்ளைகளிடம் அவரவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து எழுதிவரச் சொன்னார். ஒரு பிள்ளைக்குப் பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர். "சின்ன எழுத்துத்தானே, டீச்சர்" என்றாராம் தகப்பன். அந்தச் சின்ன எழுத்துத்தான் சாதாரண தரப் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் குறுக்கே நிற்கும் என்று ஆசிரியை விளங்கப்படுத்தினார். தகப்பன் இரண்டு நாள் பேரை விட்டு, பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்த விண்ணப்பம் கொடுத்தார். இப்போது 15 வயதிலேயே அடையாள அட்டை எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடுவதை விட எட்டாந் தரத்தில் பார்ப்பது நல்லதல்லவா?

இனி, சுகாதாரப் பாடத்துக்கு வருவோம். வேறொரு பாடசாலையில் பெரிய பிள்ளைகள் சிலர் மாதத்தில் மூன்று நான்கு நாள் வருவதில்லை. "வயித்து வலி" என்றே கடிதம் வரும். அங்கே மாணவர் பாராளுமன்றம் கூடியபோது ஒரு பிள்ளை எழுந்து, "பொம்பளப் புள்ளைக கக்கூசுக்குக் கொண்டி இல்ல, தண்ணியும் இல்ல" என்று சொன்னாள். சபையில் சிலர் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பன்மார் சிரமதானம் செய்து கொண்டி போட்டார்கள், குழாய் இழுத்தார்கள். அந்தப் பிள்ளை அன்று படித்தது குடியியலா, சுகாதாரமா? இரண்டும் ஒன்றுதான் என்பதே எமது எண்ணம். தன் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தான் தன் உரிமையைப் பற்றியும் பேச வரும்.

இன்னுமொரு விடயம். சம்பள நாளில் வீட்டில் குடியும் சண்டையும் நடந்தால், மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பாடம் மண்டையில் ஏறாது. தனக்குள் இருப்பது பயமா, கோபமா, கவலையா என்று பெயர் வைத்துச் சொல்லப் பழக்குவதும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்லப் பழக்குவதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததுதான். பிள்ளை சொன்னதை ஆசிரியர்கள் ஓய்வறைக் கதையாக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்தென்றால் மறைக்கவும் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் காசில்லாமல் பேசலாம். இதைப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்க வேண்டும்.

"கொழும்பில் நல்ல வீடு, நல்ல சம்பளம்" என்று தரகர் வந்து கேட்பது ஒன்பதாந் தரத்துப் பிள்ளையைத்தான். 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். 2021 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 16 ஆகும். இது தெரிந்த பிள்ளை, "நான் வரல்ல, எனக்கு இஸ்கூல் இருக்கு" என்று தரகர் முகத்துக்கு நேரே சொல்லும். அப்போது நாமும் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். கஷ்டம் நமக்குத் தெரியாமலில்லை. என்றாலும், ஒரு முறை நின்ற படிப்பு திரும்பத் தொடங்குவது மெத்தக் கஷ்டம்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். இரவு சாப்பிடும்போது பத்து நிமிடம் பிள்ளையைப் பேச விடுங்கள். இடையில் அதட்டாமல் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். எழுத்து எழுத்தாக நாம் சேர்ந்து பார்ப்போம். போன முறை கேள்வி கேட்ட அண்ணன் முதல் ஆளாக வருவார் என்று நம்புகிறோம்.