தானே முளைத்த மரம் யாருக்கு உரியது?



சிக்கந்தராபாத்துக்கு வடக்கே உள்ள அல்வால், 2007ஆம் ஆண்டில் ஐதராபாத் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. அங்கே நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் மதிலோரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேப்பங்கன்று முளைத்தது. எவரும் நட்டதன்று, காக்கையோ மைனாவோ போட்டுச் சென்ற வித்து. மூன்று கோடைகள் நீர் வார்த்தோம். அது கூரையை எட்டிய பின், வீட்டுக்காரர் அறை ஒன்று கட்டுவதற்காக அதனை வெட்டிவிட்டார். நிலம் அவருடையது, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அடுத்த மழைக்கு மற்றொரு கன்று தலைகாட்டியபோது, செம்பை எடுக்க நம் கை எழவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் கோக்கோ பயிரிடும் உழவர் பலரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

கோக்கோ, அமேசான் காட்டில் பெருமரங்களின் கீழ் வளர்ந்த சிறு மரம். இளமையில் அதற்கு நிழல் இன்றியமையாதது. நம் நாட்டில் கோதாவரிக் கரையிலும் பொள்ளாச்சியிலும் தென்னையின் கீழும், கேரளத்திலும் கருநாடகத்திலும் கமுகின் கீழும் அதனைப் பயிரிடுகின்றனர். ஆதலின் நிழலுக்கு வேறு மரம் தேட வேண்டுவதில்லை. கானா நாட்டிலோ காட்டைத் திருத்தியே கோக்கோ வைத்தனர். அங்கே வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். காற்றும் பறவையும் கொணர்ந்த வித்து முளைக்கும். களை எடுக்கும்போது நல்ல சாதிக் கன்றுகளைத் தெரிந்து, பக்கத்தில் ஒரு கோல் ஊன்றி அடையாளமிட்டால் போதும். நாற்றங்கால் வேண்டாம்; குழி வெட்ட வேண்டாம்; கன்று வாங்கும் செலவும் இல்லை. எக்டேருக்கு ஏறத்தாழ 15 முதல் 18 பெருமரங்கள் நிற்கலாம் என்பது அந்நாட்டு ஆய்வாளர் கருத்து. நிழல் மிகுந்தால் விளைச்சல் குறையும், காய் கறுத்து அழுகும் நோயும் பரவும். ஆதலின் மிகையான கன்றுகளைக் களைந்து, தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட வேண்டும்.

இத்துணை எளிய வேலையை உழவர் ஏன் செய்யத் தயங்கினர்? அறியாமையால் அன்று, சட்டத்தால். கானாவில் 1962ஆம் ஆண்டுச் சட்டம், தானே வளர்ந்த காட்டு மரங்களை நாட்டுத் தலைவரின் பொறுப்பில் வைத்தது. வெட்டும் உரிமம் பெற்றவர் தோட்டத்துள் புகுந்து மரத்தைச் சாய்ப்பார், கீழே கோக்கோ நசுங்கும், இழப்பு உழவருக்கு. எனவே கன்று கண்ணில் பட்டதுமே அவர் கத்தி அதன்மேல் விழுந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம், நட்ட மரத்தை நட்டவருக்கு உரியதாக்கியது. தானே முளைத்ததற்கு அவ்வுரிமையைத் தரவில்லை.

இது நமக்குப் புதுமையன்று. சந்தனமும் பறவை விதைக்கும் மரமே. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் அதனை அரச மரமாக்கினார். பின்வந்த ஆட்சிகளும் அவ்வழியே சென்றன. தம் வயலில் சந்தனக் கன்றைக் கண்ட உழவர், வழக்குக்கு அஞ்சி அதனைப் பிடுங்கி எறிந்தனர். கருநாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உரியவரையே மரத்துக்கும் உரியவராக்கின. வெட்டவும் விற்கவும் வனத்துறையின் இசைவு வேண்டுமென்ற விதி நீடித்தபோதிலும், அதன்பின் சந்தனத்தை விரும்பி வளர்ப்போர் பெருகினர்.

காவல் போட்டு மரத்தைக் காப்பது அரிது. அதனை வளரவிடுபவருக்கே அதன் பயனும் சேரும் என்று உறுதி அளித்துவிட்டால், காவலே வேண்டாம். மரம் வளர்க்கச் சொல்பவர், கன்றுகளை வழங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்வாண்டும் நம் வீட்டு மதிலோரம் ஒரு வேம்பு முளைத்திருக்கிறது. இம்முறை முதலில் வீட்டுக்காரரிடம் பேசினோம். "மதிலை விட்டு நான்கு முழம் தள்ளித்தானே நிற்கிறது, இருக்கட்டும்" என்றார். அதன் பின்னரே செம்பை எடுத்தோம்.