எழுந்து நிற்க வைக்கும் கேள்வி

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டிலிருந்து பேசுகிறேன். ஆசிரியர் பயிற்சி என்றாலே இப்போது செயலி, பட்டறை, வண்ண அட்டை. எனக்கு அவற்றில் மனம் ஒட்டுவதில்லை. பயிற்சி ஆசிரியர் கையில் நான் முதலில் கொடுப்பது தமிழ்நாட்டுத் தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு'.

1992-இல் வந்த தன்வரலாறு. எழுதியவரும் ஆசிரியை; கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பின் எழுதினார். அதில் ஒரு காட்சியை நான் விடுவதே இல்லை. கல்லூரியில் விரிவுரையாளர், தாழ்த்தப்பட்ட மாணவிகளுக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு, எழுந்து நில்லுங்கள் என்கிறார். எழுபவர்கள் இருவர்; ஒருவர் பாமா. சுற்றிலும் ஏளனச் சலசலப்பு. பாமாவுக்குச் சினம் பொங்குகிறது. அந்த வகுப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். உதவி செய்யத்தான் கேட்டார்கள். கேட்ட விதம் சுட்டுவிட்டது.

இதை வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "உங்களை யார் இப்படி நிற்க வைத்தார்கள்? எழுதுங்கள்" என்பேன். முதலில் வாசிப்பு, பிறகு எழுத்து. அந்த எழுத்துக்கு மதிப்பெண் கிடையாது. படித்துக் காட்டு என்ற வற்புறுத்தலும் கிடையாது. வற்புறுத்தினால் நாமும் அவர்களை நிற்க வைத்தவர்களாகிவிடுவோம்.

பயிற்சி ஆசிரியர்களில் ஒரு பெண் தானாகவே முன்வந்து படித்தாள். அவள் படித்த பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர் பெற்றோரின் வேலையை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பாராம். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார் என்று சொல்லக் கூசி, "அம்மா வீட்டுலதான் இருக்காங்க டீச்சர்" என்றாளாம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடும் தாயின் உழைப்பை மகளே மறைக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதியதும் இப்படி மறைந்துபோகிறவர்களைப் பற்றித்தான்: இனத்தைத் தனியாக, பாலினத்தைத் தனியாகப் பார்த்தால் கறுப்பினப் பெண்ணுக்கு நேர்ந்த அநீதி கண்ணுக்கே படாது. அந்தத் தாயும் அப்படித்தான். தமிழர், தோட்டத் தொழிலாளி, பெண்: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் தெரிவார். இந்தக் கருத்தை முதல் நாளே கரும்பலகையில் எழுதினால் பயிற்சி ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் படித்த பிறகு சொன்னேன். வகுப்பே விவாதத்தில் இறங்கியது.

பள்ளிப் பயிற்சிக்குப் போனபோது அவள் எந்தப் பிள்ளையையும் எழுப்பவில்லை. ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, பெற்றோரின் வேலையை மெல்லக் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள்.

முதலில் வாசிப்பு, பிறகு எழுத்து, அதற்குப் பிறகு கோட்பாடு. நம் ஆசிரியர் கல்விக் கழகங்கள் ஒரு பருவத்தையாவது இதற்கு ஒதுக்கட்டும். பட்டறைகளைக் குறைத்தாவது ஒதுக்கட்டும்.