மலைச்சரிவில் ஒரு தண்ணீர்த் தருமம்

(அறநிலைய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நானும் என் துணைவியாரும் ஸ்பெயின் சென்று வந்ததைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி செயலாளர் பணித்தார். அரண்மனைகளை விட்டுவிட்டு, அங்கு கண்ட ஒரு தண்ணீர்த் தருமத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கிரனாடா நகரில், அல்ஹம்ரா கோட்டைக்கு எதிர்க்குன்றில் அமைந்தது அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பு. இடையே தாரோ ஆறு ஓடுகிறது. 1994இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதனை நடந்துதான் பார்க்க வேண்டும். கூழாங்கல் பாவிய ஒடுங்கிய சந்துகள். வளைந்து வளைந்து ஏறும் படிகள். உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தை ஒளித்து வைத்திருக்கும் வீடுகள். அவற்றைக் 'கார்மென்' என்கிறார்கள். கொடிமுந்திரித் தோட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லில் பிறந்த பெயர் அது.

ஏறும்போது மூச்சு வாங்கியது. நின்ற இடங்களில் செங்கல் வளைவுகள் தென்பட்டன. அவை நிலத்தடி நீர்த்தொட்டிகளின் வாயில்கள். 'அல்ஹிபே' என்பது அவற்றின் பெயர். 20க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. 11ஆம் நூற்றாண்டில் அல்ஃபக்கார் ஊற்றிலிருந்து கால்வாய் வெட்டி, முறை வைத்து இத்தொட்டிகளை நிரப்பினார்கள். பெரும்பாலானவை பள்ளிவாசல்களை ஒட்டியவை. தொழ வந்தவரும் தெருவில் போனவரும் அந்நீரைப் பயன்படுத்தினர். பராமரிப்புக்கென்று வீடு, கடை, நிலங்களை எழுதி வைத்தனர். நாம் வக்ஃபு என்று அறிந்த அதே ஏற்பாடுதான்.

1492இல் ஆட்சி மாறியது. பள்ளிவாசல்கள் தேவாலயங்களாயின. 1569இல் அம்மக்களின் வழித்தோன்றல்களே வெளியேற்றப்பட்டனர். கட்டியவர் போனார், தண்ணீர் போகவில்லை. பின்னர் வந்தவரும் பல நூற்றாண்டுகள் அதே தொட்டியில் முகந்து குடித்தனர்.

அன்பர்களே, திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகள் அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டினார். நம் ஆலயத்திலோ புதிய மண்டபம் என்றால் நன்கொடை தானே வருகிறது. கூரை ஒழுகுகிறது, குழாய் மாற்ற வேண்டும் என்றால் கைகள் தயங்குகின்றன. ஒழுகும் கூரையில் யார் பெயரைப் பொறிப்பது?

கட்டுவது ஒரு புண்ணியம். காப்பது அதனினும் பெரிது. எனவே, இவ்வாண்டு முதல் தங்கள் நன்கொடையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று குறித்துத் தருமாறு வேண்டுகிறேன். நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் பெயர் தெரியாமல் போகலாம். அவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும்.

வாழ்க அறம்!