கடலில் மிதந்தவர்களும் காவிரிக் கரையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயண அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நானும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான், அந்தப் பயணத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்தது எவ்வளவோ, பயம் தந்ததும் அவ்வளவு என்று புரிந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மோகனூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்து வளர்ந்ததும் காவிரிக் கரைதான். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. சிறுவயதில், "ஆத்துப் பக்கம் போகாதே" என்பதைத் தவிர ஆற்றைப் பற்றி வேறு எதையும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. என் மாணவர்களின் நிலையும் அதேதான். பையன்கள் திருட்டுத்தனமாகப் போவார்கள். பெண் பிள்ளைகள் படித்துறையோடு சரி.

ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடம் நடத்தும்போது கேட்டேன்: "கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்." இருபத்திரண்டு பேரில் ஐந்து கைகள். அதில் இரண்டு, திருச்செந்தூர் போய் வந்தவை. அன்றுதான் பயண யோசனை பிறந்தது.

எங்கே போவது? பிள்ளைகள் மன்னார் வளைகுடாத் தீவுகளைக் கேட்டார்கள். வரைபடத்தை விரித்தோம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே கடலில் புள்ளி வைத்தாற்போல் 21 தீவுகள். மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. இவற்றைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தேசியப் பூங்கா என்பதால் நினைத்த தீவில் இறங்கிச் சுற்ற முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு மட்டுமே போகலாம்.

"21 எண்ணியாச்சு டீச்சர்" என்றான் ஒருவன். "அதில் இரண்டை அடித்துவிடு" என்றேன். பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டு காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும், மணல் தீவு கரைந்துபோனது. 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டுவது படிப்படியாகக் குறைந்தது.

வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "நம்ம ஆத்துல மணல் எடுத்த குழி மாதிரி." அவ்வளவுதான் சொன்னாள். அதை ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பெரியப்பா மகன் அப்படி ஒரு குழியில்தான் போனான்.

வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்தும் காரங்காட்டைத் தேர்ந்தெடுத்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர் அது. அலையாத்திக் காட்டின் நடுவே படகில் போய், பாக் விரிகுடாவின் ஆழமில்லாத பகுதியில் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீருக்குள் பார்க்கலாம். அரை நாள் போதும். பேருந்துச் செலவில் ஒரு பகுதியை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையொப்பம், இருபத்திரண்டு பேருக்கு நான்கு ஆசிரியர்கள் என்று எல்லாம் முறைப்படி.

ஒரு கையொப்பம் மட்டும் வரவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சொன்னார்: "ஆத்துப் பக்கமே உடாம வளத்துறேனுங்க டீச்சர். நீங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறீங்களே?" என்னிடம் நல்ல பதில் இல்லை. "படகில் மட்டும் உட்கார வைக்கிறேன், உயிர்காப்புச் சட்டை போட்டிருப்பாள், தண்ணீரில் இறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

போவதற்கு முன்னால் ஒரு வாரம் வகுப்பறையில் தயாரானோம். இதைச் சக ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூச்சுக்குழலைப் பற்றிச் சொன்னவுடன் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், தோட்டத்துல ஓஸ் பைப் இருக்குது. அதை வாயில வச்சுக்கிட்டா காவேரி அடியிலயே நடந்து போலாமில்ல?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவன் செய்து பார்க்கக்கூடியவன்.

ஒரு வாளித் தண்ணீரும் பாலித்தீன் பையும் கொண்டு வந்தோம். பைக்குள் கையை விட்டு, அதன் வாய் நனையாமல் வாளியில் அமுக்கினால் பை கையை எல்லாப் பக்கமும் வந்து கவ்வும். அதுதான் நீரின் அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை அழுத்துகிறது. உள்ளங்கை அகலத்துக்குப் பத்து கிலோ. நெஞ்சுப் பரப்பைக் கணக்கிடச் சொன்னேன். ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர் என்றார்கள். ஐம்பது கிலோ வந்தது. "நெஞ்சின் மேல் ஒரு சிமெண்டு மூட்டையை வைத்துக்கொண்டு மூச்சை இழுக்க முடியுமா?" என்றேன். குழாயின் மறுமுனையில் காற்று இருந்தாலும் அதை உள்ளே இழுக்க நெஞ்சு விரியாது. அதனால்தான் மூச்சுக்குழல் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கிறது. முதுகு மேலே தெரிய மிதந்துகொண்டே பார்க்கத்தான் அது. ஓஸ் பைப் கேட்ட மாணவனே கரும்பலகையில் கணக்கை எழுதினான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு கிளம்பி, விடியும் நேரத்தில் காரங்காடு சேர்ந்தோம். எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை மாட்டி, ஒவ்வொரு பட்டையையும் வழிகாட்டி இழுத்துப் பார்த்தார். அவர் அந்த ஊர்க்காரர். படகு நகர்ந்ததும் இருபுறமும் வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல் சுவாச வேர்கள். ஓர் இலையைத் திருப்பிக் காட்டி நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்பு! வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக நான் பலமுறை வாசித்துக் காட்டியதை அன்றுதான் நானே சுவைத்தேன்.

கால்வாய் அகன்று கடல் திறந்தது. இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, ஐந்து ஐந்து பேராக இறங்கினார்கள். கண்ணாடிக்குள் முதலில் பார்த்தது கடற்புல். பாசி என்று நினைத்தார்கள். பூக்கும் தாவரம் அது. கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தக் கடற்பசுவுக்காக, வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவை நாங்கள் பார்க்கவில்லை. நட்சத்திர மீன் பார்த்தோம். கடல் அட்டையும் பார்த்தோம். ஒரு மாணவன் சிப்பியைத் தொடக் கையை நீட்டி, எட்டாமல் நீரைத் துழாவினான். நீரில் நான்கு அடி தூரத்தில் இருப்பது, கண்ணாடி வழியாக மூன்று அடியில் இருப்பது போலத் தெரியும். ஒளிவிலகலை அவன் இனி மறக்க மாட்டான்.

பிள்ளைகள் என்னையும் கூப்பிட்டார்கள். நாற்பத்து நான்கு வயதில் முதன்முறையாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதல் முறை பதறி எழுந்துவிட்டேன். "மெதுவா ஊதி விடுங்க டீச்சர்" என்று என் மாணவி எனக்குச் சொல்லித் தந்தாள். மூன்றாம் முறை கடற்புல் தெரிந்தது.

படகில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதும் கேட்டாள்: "நானும் ஒரு தடவை, டீச்சர்? இடுப்புக்குத்தான் வருது."

அந்த நேரத்தில் என் மனம் இரண்டாகப் பிளந்தது. வழிகாட்டி பக்கத்திலேயே இருந்தார். ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அவள் அம்மாவிடம் நான் சொல்லிவிட்டு வந்த சொல் ஒன்று இருந்தது. "வேண்டாம்மா" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்தாள். ஏறி வந்த ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினாள். "மீன் பாத்தேன்" என்றால் விடவில்லை. எவ்வளவு நீளம், என்ன நிறம், தனியாகவா கூட்டமாகவா, புல்லுக்கு மேலேயா உள்ளேயா? இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். எங்கள் பயணத்துக்கு இன்று இருக்கும் ஒரே முழுமையான பதிவு அவளுடையது.

கரையில் ஊர்ப் பெண்கள் நடத்தும் கடையில் சாப்பிட்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஓஸ் பைப் கேட்ட அதே மாணவன், நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "சும்மா கை காலை விட்டா மிதக்குது டீச்சர். இனிமே ஆத்துலயும் மிதப்பேன்."

நண்பர்களே, பேருந்தில் திரும்பும்போது எல்லோரும் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தைப் போக்குகிறேன் என்று கூட்டிப்போய், அசட்டுத் துணிச்சலைக் கொடுத்துத் திரும்ப அழைத்து வருகிறேனோ என்று இருந்தது. மணிக்கணக்கில் திட்டமிட்ட பயணத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் இரண்டு கண்ணாடிக் குவளை, இரண்டு முட்டை, உப்பு. உப்பு நீரில் முட்டை மிதந்தது; குழாய் நீரில் அடியில் போய் உட்கார்ந்தது. குவளையில் கடலில் உள்ளதைவிட அதிக உப்புப் போட்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வந்தோம். ஒரு லிட்டர் ஆற்று நீர் ஒரு கிலோ. கடல் நீர் 1,025 கிராம். நாற்பது லிட்டர் நீரை விலக்கும் உடம்பைக் கடல் 41 கிலோ அளவுக்குத் தாங்கும். காவிரி 40 கிலோதான் தாங்கும். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான் என்பதால், மூக்கு மேலே இருப்பதா கீழே போவதா என்பதை அந்த ஒரு கிலோவே முடிவு செய்துவிடும்.

பிறகு கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டோம்: காரங்காடு, காவிரி. அங்கே உயிர்காப்புச் சட்டை இருந்தது; இங்கே இல்லை. அங்கே தரை கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. இங்கே முழங்கால் நீரிலிருந்து அடுத்த அடி குழி. அங்கே நீர் நின்றது. இங்கே மேட்டூர் திறந்தால் இழுப்பு மாறும். அங்கே வழிகாட்டி இருந்தார். இங்கே யாரும் இல்லை. குழி என்ற வரியை எழுதியவள் அந்தப் பெண்தான். ஓஸ் பைப் மாணவன் அந்த அட்டவணையை நோட்டில் எழுதி முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் சாவுக்கு இது மூன்றாவது பெரிய காரணம். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயது அது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பிள்ளைகளைக் கடலுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் செல்லுங்கள். முறையான பாதுகாப்போடு, அந்த இடம் தெரிந்த ஊர்க்காரரோடு. ஆனால் திரும்பி வந்த மறுநாள் பாடவேளையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். அங்கே செய்ததில் எதை இங்கே செய்யக்கூடாது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். ஒருவர் மூழ்கினால் குதிக்காமல் கயிறோ வேட்டியோ காலிக் குடமோ வீசிவிட்டுக் கூச்சலிட வேண்டும் என்பதைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். அதற்குத் தண்ணீர்கூட வேண்டாம். நாங்கள் ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் அதைச் செய்தோம்.

கடைசியாக ஒன்று. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தார். மகளின் நோட்டு அவர் கையில் இருந்தது. "ராத்திரி இதைத்தாங்க படிச்சுக் காட்டுனா" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "பொம்பளைப் புள்ளைக்கு நீச்சல் எங்கீங்க டீச்சர் சொல்லித் தருவாங்க? நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க. நானே கூட்டிட்டு வர்றேன்."

அன்று என்னிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டு இருக்கிறேன். இந்த அரங்கில் உள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் யாருக்காவது தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள இரண்டு பேர் தயார்: அவளும் நானும்.